கடல் கடந்து படிக்கப் போனவர்களும் வீட்டில் காத்திருப்பவர்களும்: வாசகர் கேள்வி பதில்

ஆகஸ்டில் அமெரிக்காவுக்கும் செப்டம்பரில் இங்கிலாந்துக்கும் அக்டோபரில் ஜெர்மனிக்கும் நம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து மேற்படிப்புக்காகப் புறப்பட்டவர்களின் வீடுகளிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் பிறந்ததும் கடிதங்கள் வரத் தொடங்கும். இந்த ஆண்டும் வந்திருக்கின்றன. ஒன்றையொன்று ஒத்தவற்றை ஒதுக்கிவிட்டு ஆறு கேள்விகளை எடுத்துக்கொண்டேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் நானும் இங்கிருந்து வட இங்கிலாந்தின் ஒரு நகரத்துக்கு முதுகலை படிக்கப் போய்த் திரும்பியவன் என்பதால், பதில்களுக்கு நடுவே சொந்தக் கதையும் எட்டிப் பார்க்கும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எங்கள் மகன் ஆகஸ்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்கு எம்.எஸ். படிக்கப் போனான். முதல் மாதம் முழுவதும் நூலகம், சமையலறை, கடைத்தெரு என்று எல்லாவற்றையும் வீடியோ காலில் காட்டிக் காட்டிப் பேசினான். தீபாவளிக்குப் பிறகு பேச்சே குறைந்துவிட்டது. எதைக் கேட்டாலும் ‘நல்லா இருக்கேம்மா’ என்று முடித்துக்கொள்கிறான். முகமும் வாடியிருக்கிறது. படிப்பை விட்டுவிட்டு வந்துவிடச் சொல்லலாமா?
ஒரு தாய், குடியாத்தம்.

பதில்: உடனே திரும்பி வரச் சொல்ல வேண்டாம் அம்மா. அதற்காக, ‘போகப் போகப் பழகிவிடும்’ என்று அப்படியே விட்டுவிடவும் வேண்டாம்.

முதல் மாத உற்சாகமும் பிறகு வரும் சோர்வும் உங்கள் மகனுக்கு மட்டும் நேர்ந்தவை அல்ல. நார்வே நாட்டுச் சமூகவியலாளர் லிஸ்கார்ட், அமெரிக்காவில் படித்துத் திரும்பிய தம் நாட்டு மாணவர்களை ஆராய்ந்து 1955இல் வெளியிட்ட கட்டுரையில், அங்கு ஆறு மாதத்துக்குக் குறைவாகவோ பதினெட்டு மாதத்துக்கு மேலாகவோ இருந்தவர்களைவிட, இடைப்பட்ட காலம் இருந்தவர்களே மிகவும் ஒட்டாமல் தவித்தார்கள் என்று எழுதினார். மானிடவியலாளர் ஓபர்க் 1960இல் இதையே தேனிலவு, அதிர்ச்சி, மீட்சி, இசைவு என்று நான்கு கட்டங்களாகப் பிரித்தார். ஆனால் பிற்காலத்தில், நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பானிய மாணவர்களை வந்திறங்கிய நாளிலிருந்தே தொடர்ந்து கவனித்தவர்கள், தேனிலவு என்று ஒன்றைக் காணவில்லை. அம்மாணவர்களுக்கு முதல் நாள்களே மிகக் கடினமாக இருந்திருக்கின்றன. ஆகவே உங்கள் மகன் முதல் மாதத்தில் காட்டிய உற்சாகத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு உங்களுக்காகக் காட்டியது என்பதை இங்கிருந்து அளந்து சொல்ல இயலாது.

கோட்பாட்டை விட நாள்காட்டியைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். அக்டோபரில் அங்கே இடைத்தேர்வுகள் முடிந்து, முதன்முறையாக மதிப்பெண் கைக்கு வந்திருக்கும். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். நீங்கள் இரவு எட்டு மணிக்கு அழைத்தால் அதுவரை அவனுக்குக் காலை ஒன்பதரையாக இருந்தது எட்டரையாகிவிடும். வகுப்புக்கு ஓடும் பிள்ளையை நடுவழியில் நிறுத்திப் பேசுகிறீர்களோ என்னவோ! நவம்பரின் நான்காவது வியாழன் அவர்களுக்கு நன்றி நவிலும் திருநாள். அந்த வாரம் உள்ளூர் மாணவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட, வளாகமே வெறிச்சோடிவிடும். பொங்கல் விடுமுறையில் விடுதியில் தனியாக மாட்டிக்கொண்டவனின் நிலைதான். அந்த நான்கு நாள்களில் அவன் எங்கே, யாரோடு இருக்கப் போகிறான் என்று இப்போதே கேட்டுவையுங்கள்.

அடுத்தது அந்த ‘நல்லா இருக்கேம்மா’. நகையை அடகு வைத்து, வங்கியில் கையெழுத்துப் போட்டு, தெருமுனையில் வாழ்த்துப் பலகை கட்டி, சொந்தக்காரர்கள் இரண்டு வேனில் விமான நிலையம் வரை வந்து வழியனுப்பிய ஒரு பிள்ளை, மூன்று மாதத்தில் ‘எனக்குப் பாடம் விளங்கவில்லை’ என்று எப்படிச் சொல்வான்? அவன் மறைப்பது துன்பத்தை அல்ல. உங்களுக்கு வரக்கூடிய தலைகுனிவை. அந்தப் பாரத்தை இறக்கிவைக்க உங்களால்தான் முடியும். ‘ஒரு பாடம் போனாலும் பரவாயில்லை, மறைக்காமல் சொல்’ என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். ‘இன்னாப்பா, சாப்ட்டியா?’ என்று கேட்டால் ‘ஆச்சு’ என்ற ஒரு சொல்தான் வரும். துணியை எங்கே துவைக்கிறாய், எந்தப் பாடத்தில் திணறுகிறாய், நேற்று யாரோடு பேருந்தில் போனாய் என்று கேட்டால், பதில் சொல்வதற்கு அவன் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். அந்த யோசனையில்தான் உண்மை வெளிவரும்.

2023–24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் முதுகலை, ஆய்வுப் படிப்புகளில் இருந்தவர்கள். இத்தனை பேர் இருந்தும், மற்றவர்கள் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், நமக்குத்தான் முடியவில்லை என்று ஒவ்வொருவரும் தனித்தனியே எண்ணிக்கொண்டிருப்பதுதான் வேடிக்கை.

இரண்டு வாரங்களுக்கு மேலாக உறங்காமலோ நாள் முழுவதும் உறங்கிக்கொண்டோ இருந்தால், வகுப்புக்குப் போகாமல் இருந்தால், சமைப்பதையும் குளிப்பதையும் நிறுத்திவிட்டால், பல்கலைக்கழகத்தின் மனநல ஆலோசனை மையத்துக்குப் போகச் சொல்லுங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மாணவர் கட்டணத்திலேயே அந்தச் சேவையும் அடங்கியிருக்கும். அங்கே சொன்னது உங்கள் காதுக்கோ பேராசிரியர் காதுக்கோ வந்துவிடும் என்று அவன் அஞ்ச வேண்டியதில்லை. மாணவரின் ஒப்புதல் இல்லாமல் மதிப்பெண்ணைக்கூடப் பொதுவாகப் பெற்றோருக்குக் காட்டக் கூடாது என்று 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அந்த நாட்டில் உண்டு. உயிரை விட்டுவிடலாம் என்பது போன்ற பேச்சு எழுந்தால் தாமதிக்கக் கூடாது: 988 என்ற எண்ணை அங்கிருந்து எந்நேரமும் அழைக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் திரும்பித்தான் ஆக வேண்டும் என்றால், விமானச் சீட்டு எடுப்பதற்கு முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் பேசிவிட வேண்டும். சொல்லாமல் வகுப்பை விட்டால் மாணவர் விசா செல்லாததாகிவிடும். சொல்லிவிட்டு, உடல்நலம் காரணமாக விடுப்பு எடுத்தால் மறுபடி போய்ச் சேர்வதற்கு வழி இருக்கும்.

கேள்வி: நான் இங்கிலாந்தில் ஓராண்டு முதுகலை படிக்கிறேன். இளங்கலையில் பல்கலைக்கழகத் தரவரிசையில் இடம் பிடித்தவள். இங்கே முதல் கட்டுரைக்கு 58 மதிப்பெண் போட்டு, ‘விவரித்திருக்கிறாய், விவாதிக்கவில்லை’ என்று ஆசிரியர் எழுதிவிட்டார். அதோடு, மூன்று பத்திகள் பிற நூல்களை ஒத்திருப்பதாக மென்பொருள் காட்டியதால் எச்சரிக்கையும் வந்திருக்கிறது. நான் யாரையும் பார்த்து எழுதவில்லை. அழுது தீர்த்துவிட்டேன். இந்தப் படிப்புக்கு நான் தகுதியில்லையா?
ஒரு மாணவி, சத்துவாச்சாரி.

பதில்: முதலில் அந்த 58ஐப் பற்றி. இங்கிலாந்தின் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் முதுகலைத் தேர்ச்சிக்கு 50, அடுத்த தகுதிக்கு 60, உயர்சிறப்புக்கு 70. எண்பதைத் தொடுவது அரிது. நம் ஊரில் 58 என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கூடத் துக்கம் விசாரிப்பார். அங்கே, முதல் கட்டுரைக்கு 58 வாங்கிய நீங்கள் அடுத்த படிக்கு இரண்டு மதிப்பெண் தொலைவில் நிற்கிறீர்கள். வீட்டுக்குச் சொல்லும்போது எண்ணை மட்டும் சொல்லாமல் அளவுகோலையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆனால் எச்சரிக்கையை இப்படி ஆற்றிக்கொள்ள முடியாது. நீங்கள் யாரையும் பார்த்து எழுதவில்லை என்பதை நம்புகிறேன், அதுவேதான் சிக்கல். பத்து வயதிலிருந்து நாம் பாடப்புத்தகத்தின் வரிகளைச் சொல் பிசகாமல் மனத்தில் ஏற்றி, தேர்வுத்தாளில் இறக்கிவைத்து, அதற்காகவே முழு மதிப்பெண்ணும் பாராட்டும் பெற்றவர்கள். படித்த வரி நம் வரியாகவே மாறிவிடுகிறது. அங்கே அதற்குத் திருட்டு என்று பெயர். சொற்களை இங்கொன்றும் அங்கொன்றும் மாற்றிப் போட்டாலும், கருத்து யாருடையது என்று குறிப்பிடாவிட்டால் அதுவும் திருட்டுதான். மென்பொருள் ஒற்றுமையை மட்டும் காட்டும். அது முறையான மேற்கோளா, அடையாளம் மறைத்த இரவலா என்று தீர்ப்பவர் ஆசிரியர். எனவே அடுத்த கட்டுரைக்குக் குறிப்பெடுக்கும்போதே, நூலின் வரியை ஒரு நிறத்திலும் உங்கள் எண்ணத்தை வேறு நிறத்திலும் எழுதுங்கள். பக்க எண்ணை அப்போதே குறித்துவிடுங்கள். பிறகு குறித்துக்கொள்ளலாம் என்று விட்டது எதுவும் எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எவ்வளவு பயன்படுத்தலாம் என்பது துறைக்குத் துறை, ஆசிரியருக்கு ஆசிரியர் மாறுகிறது. எழுதத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

விவாதிக்கவில்லை என்ற குறை என் கட்டுரைக்கும் வந்தது. ஓரத்தில் ‘இது யாருடைய கருத்து?’ என்று பென்சிலால் பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தார் என் பேராசிரியர். அத்தனை பெரிய அறிஞர்கள் சொன்னதை மறுக்க, பாலாற்றங்கரையிலிருந்து வந்த நான் யார் என்று பல நாள் மருகினேன். பிறகுதான், கல்லூரியில் படித்த தொல்காப்பிய உரைகள் நினைவுக்கு வந்தன. சொல்லதிகாரத்துக்கு உரை கண்ட சேனாவரையர், தமக்கு முந்தைய இளம்பூரணரின் கருத்தை முதலில் நேர்மையாக எடுத்துச் சொல்வார். அவரை ‘உரையாசிரியர்’ என்று மதிப்போடு குறிப்பிடுவார். அதன்பின் அது ஏன் பொருந்தாது என்று காரணம் காட்டி மறுப்பார். உங்கள் ஆசிரியர் கேட்பது இதைத்தான். மறுப்பது அவமதிப்பு என்ற எண்ணம் நம் உரைமரபில் இல்லை. பள்ளிக்கூடத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

இன்னொன்றும் செய்யுங்கள். ஆசிரியர் மாணவர்களைச் சந்திப்பதற்கென்று வாரத்தில் ஒரு நேரம் ஒதுக்கியிருப்பார். நம் பிள்ளைகள் அந்தப் பக்கமே போவதில்லை. தொந்தரவு கொடுக்கக் கூடாது என்ற மரியாதை. அவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் தெரியுமா? இந்த மாணவிக்குச் சந்தேகமே இல்லை போலிருக்கிறது, அல்லது அக்கறை இல்லை போலிருக்கிறது என்றுதான். உங்கள் 58ஐ எடுத்துக்கொண்டு போய், ‘இந்தப் பத்தியை எப்படி எழுதியிருந்தால் 65 கிடைத்திருக்கும்?’ என்று ஒரே கேள்வியைக் கேளுங்கள். மதிப்பெண்ணைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். பெயர் சொல்லி அழைக்கக் கூச்சமாக இருந்தால், அவரே சொல்லும் வரை ‘டாக்டர்’ என்பதோடு குடும்பப் பெயரைச் சேர்த்து அழைக்கலாம். அங்கே ‘சார்’ என்றால்தான் விழித்துப் பார்ப்பார்கள்.

கேள்வி: ஜெர்மனியில் பொறியியல் முதுகலை படிக்கிறேன். பாடம் ஆங்கிலத்தில். தமிழ் மாணவர்கள் நான்கு பேர் ஒரே வீட்டில் இருக்கிறோம். சமையல், கிரிக்கெட், படம் என்று பொழுது போகிறது. வந்து ஓராண்டாகியும் ஒரு ஜெர்மானியரோடும் நட்பாகவில்லை. ‘வேலைக்கு ஆங்கிலம் போதும், எதற்கு ஜெர்மன்?’ என்கிறார்கள் நண்பர்கள். நான் தனியாக வேறு வீடு பார்த்துப் போய்விடலாமா?
ஒரு மாணவர், ஆற்காடு.

பதில்: வீட்டை விட்டுப் போக வேண்டாம். காய்ச்சல் வந்தால் ரசம் வைத்துக் கொடுக்கும் மூன்று பேரை விலை கொடுத்தும் வாங்க முடியாது. வெளிநாட்டு மாணவர்களின் நட்பு வட்டங்களை ஆராய்ந்த உளவியலாளர் ஸ்டீபன் போச்னர், அவர்களுக்கு மூன்று வகை நட்புகள் அமைவதைக் கண்டார்: சொந்த நாட்டார், அந்த நாட்டார், வேறு நாடுகளிலிருந்து வந்த மாணவர்கள். சொந்த நாட்டாரோடு மனம் விட்டுப் பேசுகிறோம். அந்த நாட்டார் வழியாகப் படிப்பும் வேலையும் நடக்கின்றன. மற்றவர்களோடு பொழுது போகிறது. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. உங்களிடம் முதல் வட்டம் நிறைவாக இருக்கிறது. இரண்டாவது காலியாக இருக்கிறது. முதலாவதை உடைத்து இரண்டாவதைக் கட்ட முடியாது.

ஜெர்மன் வேண்டுமா என்ற கேள்விக்கு, அடுத்த முறை ஊருக்கு வரும்போது வேலூர் காந்தி சாலையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் சிறு மருந்தகமாகத் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையை நாடி மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருபவர்களுக்காக, அந்தத் தெருவின் பலகைகளில் வங்க எழுத்து இருக்கிறது, உணவகங்களில் வங்காளத்து மீன் குழம்பு இருக்கிறது, ஆட்டோக்காரர்கள் வங்க மொழியில் பேரம் பேசுகிறார்கள். சிகிச்சைக்காக ஒரு மாதம் லாட்ஜில் தங்கித் தாங்களே சமைத்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்களுக்குத் தமிழ் தேவைப்படுவதில்லை. ஆனால் அதே தெருவில் கடை போட்டு நிலைத்துவிட்ட வங்காளிகளைக் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்காரரிடமும் மாநகராட்சி ஊழியரிடமும் பேசும் அளவுக்குத் தமிழ் பழகியிருப்பார்கள்.

நீங்கள் இந்த இருவரில் யார் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். படிப்பு முடிந்த பின் வேலை தேட ஜெர்மனி பதினெட்டு மாதம் அனுமதி தருகிறது. அதைப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால், ஆங்கிலத்தில் நேர்காணல் நடத்தும் நிறுவனங்களிலும் மதிய உணவு மேசையில் ஜெர்மன்தான் ஓடும் என்பதை நினைவில் வையுங்கள். ஏ1, ஏ2, பி1 என்று படிப்படியாக உயரும் வகுப்புகளைப் பல்கலைக்கழகங்களே இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ நடத்துகின்றன. தமிழருக்கு அதில் ஒரு சலுகையும் உண்டு: ஆங்கிலேயர் திணறும் ‘நீ’, ‘நீங்கள்’ வேறுபாட்டை நாம் தாய்ப்பாலோடு கற்றவர்கள். அதை எப்போது மாற்றிக்கொள்வது என்பதை மூத்தவர் முன்மொழிவார்; அதுவரை ‘நீங்கள்’தான்.

மொழிக்கு அப்பாலும் சில உண்டு. ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டியிருக்கும் என்பதை முதல் வாரமே பட்டினி கிடந்து தெரிந்துகொண்டிருப்பீர்கள். இரவு பத்து மணிக்கு மேல் மிக்ஸி போட்டால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். அது இனவெறி அல்ல, அமைதி நேரம். அவர்கள் ‘முடியாது’ என்றால் முடியாது என்றுதான் பொருள். நம்முடைய ‘பார்க்கலாம்’ அவர்களுக்கு விளங்காது, ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். தேர்வில் 1.0 முதல் தரம், எண் கூடக் கூடத் தரம் குறையும், 4.0ஐத் தாண்டினால் தோல்வி. ஒரே தேர்வை எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பு உண்டு, பல இடங்களில் மூன்று முறைதான். ‘அரியர்’ வைத்துப் பிறகு பார்த்துக்கொள்ளும் நம் ஊர்ப் பழக்கத்தோடு போகிறவர்கள் அடிபடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். உங்கள் துறையின் தேர்வு விதிகளை இன்றே படித்துவிடுங்கள். விளங்காவிட்டால் துறை ஆலோசகரைக் கேளுங்கள்.

கேள்வி: மகனின் படிப்புக்கு வீட்டுப் பத்திரத்தை வைத்து 35 லட்சம் கல்விக்கடன் வாங்கியிருக்கிறேன். அனுமதித்த நேரத்துக்கு மேல் ஒரு கடையில் வேலை செய்து ரொக்கமாகச் சம்பளம் வாங்குவதாகச் சொல்கிறான். ‘எல்லாரும் செய்றாங்கப்பா’ என்கிறான். கடன் சீக்கிரம் அடையுமே என்று எனக்கும் ஆசையாக இருக்கிறது. தவறா?
ஒரு தந்தை, வாலாஜாபேட்டை.

பதில்: தவறுதான். நாளை திங்கட்கிழமையே நிறுத்தச் சொல்லுங்கள். மாணவர் விசாவில் போனவருக்கு ஒவ்வொரு நாடும் அளவு வகுத்திருக்கிறது: இங்கிலாந்தில் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம், அமெரிக்காவில் வளாகத்துக்குள் மட்டும் 20 மணி நேரம், கனடாவில் வளாகத்துக்கு வெளியே 24 மணி நேரம், ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம், ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாள்கள். இதை மீறினால் விசா போகும். விசா போனால் பட்டமும் போகும், அந்தப் பட்டத்தை நம்பி வாங்கிய கடன் மட்டும் இங்கேயே இருக்கும். ரொக்கமாக வேலை வாங்கும் முதலாளி சம்பளத்தைப் பிடித்துக்கொண்டால் உங்கள் மகனால் யாரிடமும் போய் முறையிடவும் முடியாது.

கடனைப் பற்றி நீங்கள் அவனிடம் ஒருமுறையாவது விவரமாகப் பேசியிருக்கிறீர்களா என்பதுதான் என் சந்தேகம். ‘பணத்தைப் பற்றி நீ கவலைப்படாதே’ என்று சொல்லி அனுப்புவது நம் தந்தையரின் வழக்கம். பிள்ளைகள் அதைக் கேட்டதும்தான் கூடுதலாகக் கவலைப்படத் தொடங்குகிறார்கள். வங்கிக் கல்விக்கடன்களில் பொதுவாகப் படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி அன்றாடம் ஏறிக்கொண்டிருக்கும். இயன்றால் இந்த வட்டியை மட்டும் நீங்கள் மாதாமாதம் கட்டிவாருங்கள். கடன் தாளைப் படமெடுத்து அனுப்பி, எந்த மாதம் முதல் எவ்வளவு தவணை என்பதை இருவரும் ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். வாரம் பத்து மணி நேரம் அதிகம் உழைத்துக் கிடைக்கும் தொகையையும், அதனால் ஒரு பாடம் தவறி ஒரு பருவக் கட்டணம் மறுபடி கட்ட நேர்ந்தால் ஆகும் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் உங்கள் ஆசை தானாக அடங்கிவிடும்.

கேள்வி: தோல் தொழில்நுட்பம் படிக்க ஜனவரியில் இங்கிலாந்தின் நார்தாம்டன் நகருக்குப் போகிறேன். அம்மா சீரக சம்பா, ஊறுகாய், ஆற்காடு மக்கன் பேடா, உப்புக்கண்டம் எல்லாம் கட்டிவைத்திருக்கிறார். குளிருக்கு வேறு என்ன வாங்க வேண்டும்?
ஒரு மாணவர், ஆம்பூர்.

பதில்: சீரக சம்பா போகலாம். உப்புக்கண்டம் போகாது, பால்கோவா சேர்த்துச் செய்த மக்கன் பேடாவும் போகாது. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் இறைச்சியும் பால்பொருளும் கொண்டுவர இங்கிலாந்து இடம் கொடுப்பதில்லை. விமான நிலையத்துக் குப்பைத்தொட்டியில் போடுவதைவிடக் கிளம்பும் முன் வீட்டிலேயே தின்றுவிடுங்கள்.

குளிரைவிட இருட்டுக்குத் தயாராகப் போங்கள். வெயிலூர் என்று பெயர் வாங்கிய நம் பக்கத்தில் டிசம்பர் கடைசியிலும் பகல் பதினொரு மணி நேரத்துக்கு மேல் நீளும். நார்தாம்டனில் எட்டு மணி நேரம்கூட இராது. நான்கு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். பகல் வேளையில் அரை மணி நேரமாவது வெளியே நடங்கள். கனத்த மேலங்கியை இங்கே வாங்க வேண்டாம். அங்கே போய், உடன் படிப்பவர்களைக் கேட்டு வாங்குங்கள்.

கேட்டு என்பதை அழுத்திச் சொல்கிறேன். 1914இல் கேம்பிரிட்ஜுக்குப் போன ராமானுஜன் குளிர் தாங்காமல், மேலங்கியோடு சால்வையையும் சுற்றிக்கொண்டு கட்டிலின் மேல் படுத்துக்கிடந்தார். அங்கே படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர் மகலனோபிஸ் பார்க்க வந்தபோது, கட்டிலில் கம்பளிகள் இருக்கின்றனவா என்று ஆராய்ந்தார். இருந்தன, மேல்விரிப்பால் மூடி, ஓரங்களை இறுக்கமாகச் செருகி வைத்திருந்தார்கள். விரிப்பை விலக்கி, கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை, அவரும் கேட்கவில்லை.

கேள்வி: காட்பாடியில் எங்கள் மாடி வீட்டில், இங்கே பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் ஆப்பிரிக்க மாணவர் ஒருவரைக் குடிவைத்திருக்கிறோம். நல்ல பையன், ஆனால் யாரோடும் பேசுவதில்லை. குப்பையைத் தவறான நாளில் வெளியே வைத்துவிடுகிறான். என் கணவர் காலி செய்யச் சொல்லலாம் என்கிறார். எனக்கு மனம் வரவில்லை.
ஒரு குடும்பத் தலைவி, காட்பாடி.

பதில்: மேலே உள்ள ஐந்து கடிதங்களையும் உங்கள் கணவரிடம் படிக்கக் கொடுங்கள் அம்மா. குடியாத்தத்துத் தாய் டெக்சாஸை நினைத்துக் கலங்குவதுபோல, காட்பாடியை நினைத்து எங்கோ ஒரு தாய் கலங்கிக்கொண்டிருக்கிறார்.

முதலில் சட்டப்படி ஆக வேண்டியது ஒன்று. வெளிநாட்டவர் ஒருவர் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அந்த விவரத்தைக் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் பதிய வேண்டும். செய்யாமல் விட்டிருந்தால் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவில் விசாரித்து உடனே செய்துவிடுங்கள். இல்லையென்றால் நாளை விசா நீட்டிப்பின்போது அலைச்சல் அந்தப் பையனுக்குத்தான்.

மற்றபடி, அவர் பேசவில்லை என்கிறீர்களே, நீங்கள் என்ன பேசினீர்கள்? நம் தெருக்களில் படியில் எதிர்ப்பட்டவரை ‘எங்க கிளம்பிட்டீங்க?’ என்று கேட்பது அன்பு; கேள்வி கேட்கப்படுகிறவருக்கு அது வேவு பார்ப்பதாகத் தோன்றக்கூடும். விருந்துக்கு அழைத்து, அவர் ‘வேண்டாம்’ என்றதும் விட்டுவிட்டீர்களோ? அல்லது மூன்றாவது முறையும் வற்புறுத்திப் பயமுறுத்திவிட்டீர்களோ? அவர் ஊரில் எத்தனை முறை மறுத்த பிறகு ஒப்புக்கொள்வது முறை என்பதை அவரிடமே சிரித்துக்கொண்டு கேட்டால், அதுவே ஒரு நல்ல பேச்சுக்குத் தொடக்கமாகிவிடும்.

குப்பை வண்டி எந்தெந்தக் கிழமை எத்தனை மணிக்கு வரும், மக்கும் குப்பைக்கு எந்த வாளி, குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை விடுவார்கள், மின்சாரம் போனால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் ஆகியவற்றை ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி, அவர் கதவுக்கு உட்பக்கம் ஒட்டிக்கொள்ளச் சொல்லிக் கொடுங்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அவரை எழுதச் சொல்லலாம். தாளின் அடியில் உங்கள் கைபேசி எண்ணையும் எழுத மறக்காதீர்கள்.